சீனக் கிராமப் பள்ளியில் தன்னார்வலராக ஆங்கிலம் கற்பிக்கப் போவது எப்படி?

கேள்வி: பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன், ஆங்கிலம் நன்றாக வரும். சீனாவில் ஓர் ஏழைக் கிராமப் பள்ளியில் சில மாதம் தங்கி, சம்பளம் வாங்காமல் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. எப்படிப் போவது? போனால் வகுப்பில் என்ன செய்வது?

பதில்:

ஏழைக் கிராமப் பள்ளி என்றதும் ஒழுகும் கூரையும் உடைந்த பெஞ்சும் கண்முன் வரும். இருபது ஆண்டுக்கு முன் அது சரி. இன்று தென்மேற்கு மாகாணங்களான யுன்னானிலோ குயிசோவிலோ மலைமேல் இருக்கும் பள்ளிக்குப் போனால் மாடிக் கட்டடம், கொடிக்கம்பம், கூடைப்பந்துத் தளம், வகுப்பறையில் தொடுதிரைப் பலகை என்று பெரும்பாலும் எல்லாம் இருக்கும். 2006, 2007 ஆண்டுகளில் கிராமப்புறக் கட்டாயக் கல்விக்குக் கட்டணம் நீக்கப்பட்டது, பாடநூலும் இலவசமானது. 2011இல் தொடங்கிய ஊட்டச்சத்து உணவுத் திட்டத்தில் ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 3 யுவான் கொடுத்தார்கள். 2014இல் அது 4 ஆகி, 2021இல் 5 ஆனது. வறிய மாவட்டங்கள் என்று குறித்திருந்த 832 மாவட்டங்களும் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டதாக 2020 நவம்பரில் அறிவித்தார்கள். கட்டடப் பஞ்சம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது ஆள் பஞ்சம், அதிலும் ஆங்கிலம் சொல்லித்தரத் தெரிந்த ஆள்.

2001இல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று கல்வி அமைச்சகம் முடிவெடுத்தது. நகரங்களில் ஆங்கிலத்துக்கென்றே படித்த ஆசிரியர்கள் இருந்தார்கள். மலைக்கிராமங்களில் கணக்கு வாத்தியாரோ இசை ஆசிரியையோ அதையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் பல சிறு பள்ளிகளில் அதுதான் நிலை. ஆனால் தேர்வு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. சீன மொழிக்கும் கணிதத்துக்கும் உள்ள அதே எடை. அதற்கு முன்பே, ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் சோங்காவ் தேர்வில் பத்தில் ஆறு பேர் அளவில்தான் பொதுக் கல்வி மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைகிறார்கள், மற்றவர்கள் தொழிற்பள்ளிக்கோ வேலைக்கோ போகிறார்கள். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பிடிபடாத குழந்தை, ஏழாம் வகுப்பில் மொத்தச் சொற்களையும் படம் போல மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பில் அது கைவிட்டுவிடும்.

அதனால் வெளியாள் ஒருவர் அங்கே போய்ச் செய்யக்கூடிய பேருதவி இதுதான்: எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கொடுப்பது, அதை உள்ளூர் ஆசிரியர் தொடரும்படி ஏற்பாடு செய்துவிட்டு வருவது. பாட்டு, விளையாட்டு, கொண்டாட்டம் எல்லாம் இதற்குத் துணை நின்றால் நல்லது. இதற்குப் பதிலாக அவை மட்டுமே நடந்தால் பள்ளிக்கு நஷ்டம்தான்.

இனி அனுமதி. இதில் தவறினால் உங்களோடு சேர்ந்து தலைமையாசிரியரும் மாட்டிக்கொள்வார் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சுற்றுலாவுக்கான எல் விசாவில் போய் வகுப்பெடுக்கக் கூடாது. அனுமதியின்றி வேலை செய்த வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவல் என்று 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் நுழைவுச் சட்டம் சொல்கிறது. சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையே இல்லை என்று வாதாட நினைக்காதீர்கள். ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்கு 90 நாளுக்கு உட்பட்டுத் தங்க எஃப் விசா என்ற வழி 2015 முதல் இருக்கிறது. அதற்கு அழைப்புக் கடிதம் வேண்டும், கடிதத்தை அங்குள்ள பதிவுபெற்ற அமைப்பு கொடுக்க வேண்டும். கிராமப் பள்ளித் தலைமையாசிரியர் தானாகவே எழுதித் தர முடியாது, மாவட்டக் கல்வி அலுவலகத்தைத்தான் கேட்பார்.

ஒரு பருவம் முழுக்க, அதாவது நான்கைந்து மாதம் கற்பிக்க வேண்டுமானால் இசட் விசாவும் வேலை அனுமதியும் தேவை. மொழி ஆசிரியருக்கான விதி: கொள்கையளவில் தன் தாய்நாட்டின் தாய்மொழியைக் கற்பிப்பவராக இருக்க வேண்டும், இளங்கலைப் பட்டமும் இரண்டு ஆண்டு மொழி கற்பித்த அனுபவமும் வேண்டும். கல்வியியல் அல்லது மொழித்துறையில் பட்டம் பெற்றவருக்கும், ஆசிரியர் தகுதிச் சான்றோ ஏற்கத்தக்க பன்னாட்டு மொழி ஆசிரியர் சான்றிதழோ வைத்திருப்பவருக்கும் அனுபவ நிபந்தனையில் விலக்கு உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இடறுவது அந்த முதல் நிபந்தனையில்தான். மாகாணத்துக்கு மாகாணம் அலுவலகங்கள் இதை வேறுவேறு விதமாகப் பார்க்கின்றன. எனவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அழைக்கும் அமைப்பின் மூலம் எழுத்தில் பதில் வாங்குங்கள். 'வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் இடைத்தரகரை நம்பவே வேண்டாம்.

சீனாவில் ஏற்கெனவே மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே பகுதிநேர வேலையோ பயிற்சிப் பணியோ செய்யப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும், வதிவிட அனுமதியில் காவல்துறைக் குறிப்பும் வேண்டும். பல்கலைக்கழகமே நடத்தும் கோடைக்கால கிராமப் பணியில் சேர்ந்து போவது எளிய, பாதுகாப்பான வழி.

பள்ளி விடுதியில் தங்கினாலும் சரி, ஆசிரியர் வீட்டில் தங்கினாலும் சரி, வந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். மலை மேலிருந்து காவல் நிலையம் இரண்டு மணி நேரப் பயணமாக இருக்கலாம். எனவே ஏறும் வழியிலேயே, சிறுநகரில் இறங்கி முடித்துவிட்டுப் போவது நல்லது. திபெத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியே போவதாக இருந்தால் ஒன்றைக் கேளுங்கள். 2017 ஜனவரி முதல் அத்தகைய நிறுவனங்கள் காவல்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது சீனக் கூட்டாளி அமைப்பு ஒன்றின் மூலம் தற்காலிகப் பணியைப் பதிய வேண்டும். எந்த மாகாணத்தில், யாருடன் பதிவு என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத நிறுவனத்தோடு போகாதீர்கள். தன்னார்வலரிடமே ஆயிரக்கணக்கில் பணம் வாங்கி இரண்டு வாரம் 'கிராம அனுபவம்' தரும் பயண நிறுவனங்களும் உண்டு. அந்தப் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கிராமத்துக்குப் போய்க் கற்பிப்பதைச் சீனர்கள் ஜிஜியாவ் என்பார்கள். சீனப் பட்டதாரிகளுக்கு இதற்கு அரசு வழிகளே உண்டு: 2003இல் தொடங்கிய மேற்குப் பகுதித் தன்னார்வத் திட்டம், 2006இல் தொடங்கிய சிறப்புப் பணியிட ஆசிரியர் திட்டம். 2008இல் தொடங்கி, இன்று மெய்லி சோங்குவோ என்ற பெயரில் இயங்கும் அமைப்பு பட்டதாரிகளை இரண்டு முழு ஆண்டுக்கு யுன்னான் முதலிய மாகாணங்களின் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அந்த இரண்டு ஆண்டு என்ற கணக்கு காரணத்தோடு வைத்தது. முதல் பருவம் இடம் பழகவே போய்விடும். பலன் இரண்டாம் பருவத்தில்தான் தெரியத் தொடங்கும். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் (அமைதிப் படை) 1993 முதல் 2020 வரை சிச்சுவான், குயிசோ, கான்சு, சோங்சிங் பகுதிகளில் ஆங்கிலம் கற்பித்தது. அவர்கள் கிராமப் பள்ளிகளுக்குப் போகாமல் கல்லூரிகளுக்குப் போனார்கள், வருங்கால ஆசிரியர்கள் பலர் அங்கேதான் படித்தார்கள். ஓர் ஆசிரியரின் ஆங்கிலம் திருந்தினால் முப்பது ஆண்டுக்கு அவரிடம் படிக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் திருந்தும். உங்களுக்கு மூன்றே மாதம்தான் கிடைக்கும் என்றால், குழந்தைகளுக்கு எடுப்பதைப் பாதியாகக் குறைத்து, மாவட்டத்து ஆங்கில ஆசிரியர்களுக்கு வாரம் இருமுறை பயிற்சி நடத்த முடியுமா என்று கல்வி அலுவலகத்தைக் கேளுங்கள். அதுதான் சிறந்த வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்தப் பள்ளிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறும். மலை உச்சியில் ஒன்று முதல் மூன்று, நான்காம் வகுப்பு வரை பத்திருபது குழந்தைகளோடு இருக்கும் கற்பித்தல் மையம் ஒன்று. சிறுநகரில் பல ஊர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் மையத் தொடக்கப் பள்ளி இன்னொன்று. அதற்கு மேல் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையான நடுநிலைப் பள்ளி. 2001க்குப் பிறகான பத்தாண்டில் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கும் மேல் மூடி இணைத்துவிட்டார்கள். 2012இல் அந்த வேகத்தை நிறுத்தினாலும், எட்டு வயதுக் குழந்தை திங்கள் முதல் வெள்ளி வரை விடுதியில் கிடப்பது இன்றும் பரவலான காட்சி. வெளியாளுக்கு ஏற்ற இடம் இந்த மையத் தொடக்கப் பள்ளிதான். அங்கே ஆங்கில ஆசிரியர் ஒருவராவது இருப்பார். வகுப்பில் 45 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. மாலையில் தனிப்படிப்பு நேரம் இருப்பதால் பின்தங்கிய குழந்தைகளைத் தனியே கவனிக்கலாம்.

பருவம் செப்டம்பர் 1 முதல் ஜனவரி நடு வரை ஒன்று, பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம் முதல் ஜூலை தொடக்கம் வரை மற்றொன்று. முதல் பருவத்தில் இருபது வாரம் இருப்பது போலத் தோன்றும். அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறை, இடைத்தேர்வு, விளையாட்டு விழா, கடைசி இரண்டு வாரத் திருப்புதல் எல்லாம் கழித்தால் பதினைந்து வாரம் நிற்கும். வாரம் மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஆக 45 வகுப்பு, அதில் நாலைந்து எப்படியும் கைநழுவும். பருவம் முழுதுக்கும் உங்களிடம் இருப்பது ஏறத்தாழ 27 மணி நேரம்தான். எதைக் கற்பிப்பது, எதை விடுவது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாடநூலைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொந்தப் பாடத்திட்டம் போடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பருவ முடிவில் மாவட்டம் முழுக்க ஒரே வினாத்தாள் வருவது வழக்கம். உங்கள் வகுப்பு மதிப்பெண் சரிந்தால் அந்தச் சுமை உள்ளூர் ஆசிரியர் தலையில் விழும், அடுத்த தன்னார்வலருக்குக் கதவு மூடும். பரவலாகப் புழங்குவது மக்கள் கல்விப் பதிப்பகத்தின் பாடநூல். அதன் புதிய பதிப்பு 2024 செப்டம்பரில் மூன்றாம் வகுப்பிலிருந்து வரத் தொடங்கியது. எனவே இணையத்தில் கிடைக்கும் பழைய பதிப்பை வைத்துத் தயாராகிப் போய் ஏமாறாதீர்கள். எந்தப் பதிப்பு என்று கேட்டு, ஒரு பிரதியை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். 2022 பாடத்திட்டப்படி ஆறாம் வகுப்பு முடிவில் ஐந்நூறு சொற்களை ஒட்டித் தெரிந்திருக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பு முடிவில் 1,600. மூன்றே ஆண்டில் ஆயிரத்துக்கு மேல் கூடுகிறது. ஒலியைக் கொண்டு வாசிக்கத் தெரியாத குழந்தை மூழ்குவது இந்த இடத்தில்தான்.

இப்போது வகுப்பறைக்குள் வருவோம். உள்ளே போனதும் நாற்பது குழந்தைகள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ' என்று மூச்சு விடாமல் வரும். அதைக் கேட்டு நன்றாகத்தான் பேசுகிறார்கள் என்று நம்பிவிடக் கூடாது. கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பின்வரிசைக் குழந்தை ஒன்றின் நோட்டை வாங்கிப் பாருங்கள். ஆங்கில வாக்கியத்துக்குக் கீழே பென்சிலில் சீன எழுத்துகள் இருக்கும். 'குட் மார்னிங்' என்பதற்கு 'கு–த–மாவ்–நிங்' என்று நான்கு எழுத்து. மூன்றாவது எழுத்துக்குப் பூனை என்று பொருள். 'தேங்க் யூ' என்பதற்கு 'சான்–க–யோ', அதாவது மூன்று கிராம் எண்ணெய். அந்தக் குழந்தை சோம்பேறி இல்லை. ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேறு வழி தெரியாததால் தன்னிடம் இருந்ததைக் கொண்டு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. திட்டினால் மறைத்து எழுதும். அதைவிட நல்ல கருவியைக் கையில் கொடுத்தால் தானாகவே விட்டுவிடும்.

இதில் முதல் சிக்கல் பின்யின். சீன எழுத்துகளின் ஒலியைக் குறிக்க முதல் வகுப்பிலேயே ரோமன் எழுத்துகளைக் கற்றுவிடுகிறார்கள். அதே எழுத்து ஆங்கிலத்தில் வேறு ஒலி. எச், இ என்ற இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் பின்யினில் 'ஹ', ஆங்கிலத்தில் 'ஹீ'. சி, ஏ, என் மூன்றும் சேர்ந்தால் அங்கே 'ட்ஸான்', இங்கே 'கேன்'. எஸ், யூ, என் சேர்ந்தால் அங்கே 'ஸுவென்', இங்கே 'சன்'. கியூ என்ற எழுத்து பின்யினில் 'ச்', எக்ஸ் கிட்டத்தட்ட 'ஷ்'. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால் குழந்தை ஒரே எழுத்தை இரண்டு விதமாகக் கேட்டுக் குழம்பி, எழுத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் மஞ்சள் சாக்குக் கட்டியில் பின்யின், வலப்பக்கம் வெள்ளையில் ஆங்கிலம் என்று அதே மூன்றெழுத்தை இரு பக்கமும் எழுதுங்கள். இடப்பக்கம் தட்டினால் சீன ஒலி, வலப்பக்கம் தட்டினால் ஆங்கில ஒலி. தினம் மூன்று நிமிடம், இரண்டு வாரம் போதும். தொடர்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்துகளை ஏ, பி, சி என்ற வரிசையில் ஒலிக்குக் கொண்டுவராதீர்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறோடு தொடங்கினால் இரண்டாம் வாரமே சொற்கள் பிறக்கும்: சிட், பின், டிப், டின், நேப், டேப். ஒரு வாரத்துக்கு நான்கு ஒலிக்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு நல்ல சோதனை உண்டு. சீனப் பள்ளிகளில் டிங்ஷியே என்ற சொல்லெழுதும் பயிற்சி தினமும் நடக்கும், மனப்பாடம் செய்த பத்துச் சொல்லை ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். நீங்கள் எட்டுத் தெரிந்த சொல்லோடு, அவர்கள் பார்த்தே இராத இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள், கற்ற ஒலிகளால் மட்டுமே ஆனவையாக. அந்த இரண்டையும் எத்தனை பேர் சரியாக எழுதுகிறார்கள் என்பதுதான் உங்கள் வேலை நடக்கிறதா இல்லையா என்பதற்கு அளவுகோல். மூன்றாம் வாரத்தில் ஐந்து பேர் எழுதினால் நல்ல தொடக்கம்.

இரண்டாவது சிக்கல் தமிழர்களுக்கு உடனே புரியும். பொதுச் சீனமான மாண்டரினில் ஓர் அசை உயிரொலியிலோ ன், ங் போன்ற மெல்லொலியிலோதான் முடியும். க், ட், ப் என்று வெட்டி முடிக்க வராது. எனவே 'புக்' என்பது 'புக்க' ஆகிறது, 'குட்' என்பது 'குட' ஆகிறது. நாமும் 'புக்கு', 'பஸ்ஸு' என்கிறவர்கள்தானே. கடைசி ஒலியை மட்டும் கிசுகிசுப்பாகச் சொல்ல வையுங்கள், உதட்டில் விரல் வைத்துக்கொண்டு. குரல் வராவிட்டால் கடைசியில் ஒட்டும் உயிரொலியும் வராது. பிறகு சொல்லைப் பின்னாலிருந்து கட்டுங்கள்: முதலில் 'உக்', அப்புறம் 'புக்'.

மூன்றாவது, நம் வாயில் இருக்கும் சிக்கல். இதைப் பலரும் கவனிப்பதில்லை. சீனக் காது ப வரிசையில் பிரித்துக் கேட்பது மூச்சு வெளிப்படுகிறதா இல்லையா என்பதைத்தான். நாம் 'பென்' என்று ஆங்கிலப் பேனாவைச் சொல்லும்போது மூச்சை வீசுவதில்லை. அதனால் ஒரு சீனக் குழந்தைக்கு அது பெஞ்சமினைச் சுருக்கி அழைக்கும் ஆண் பெயராகவே கேட்கும். 'டென்', 'கேட்' எல்லாவற்றிலும் இதே கதை. இரண்டு விரல் அகலத்தில் ஒரு தாள் துண்டைக் கிழித்து உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தாள் படபடவென்று ஆட வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒரு மாதம் இதைப் பழகுங்கள். அதே தாளை வகுப்பிலும் பயன்படுத்தலாம். 'தேங்க்' என்பதில் நம் 'த' மூச்சை அடைத்துத் திறப்பது. ஆங்கிலத்தில் நாக்கு நுனி பல்லிடுக்கில் நிற்க, காற்று தொடர்ந்து வர வேண்டும். 'வெரி' என்பதிலும் நம் 'வ' போதாது, மேற்பல் கீழுதட்டைத் தொட்டாக வேண்டும். சீனக் குழந்தைக்கும் இதே இடத்தில்தான் தவறும்.

ஊர்ப்பேச்சைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிச்சுவான், ஹூனான், குயிசோவின் பல பகுதிகளில் ன வும் ல வும் ஒன்றாகக் கலக்கும். 'லைட்', 'நைட்' இரண்டும் அவர்களுக்கு ஒன்றே. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். மூக்கை அடைத்தால் ன் நின்றுவிடும், ல் நிற்காது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இதைச் செய்து பார்த்து வித்தியாசத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். சிச்சுவானின் லியாங்ஷானில் யீ மக்களின் குழந்தைகளுக்கோ யுன்னானின் லாஹு, தாய் ஆகிய சிறுபான்மை இன மக்களின் குழந்தைகளுக்கோ பொதுச் சீனமே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. அங்கே சீனத்தில் விளக்குவதுகூடப் பாதிதான் போய்ச் சேரும். பொருளைக் காட்டி, செய்து காட்டித்தான் சொல்ல வேண்டும்.

இலக்கணத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். அவன், அவள் இரண்டுக்கும் சீனப் பேச்சில் 'தா' என்ற ஒரே ஒலி என்பதால் ஹீ, ஷீ மாறி வரும். பன்மை எஸ் விட்டுப்போகும். 'ஐ வெரி ஹேப்பி' என்று வினையில்லாமல் வரும், சீனத்தில் பண்புச் சொல்லுக்கு முன் 'இஸ்' போன்ற சொல் தேவையில்லை என்பதால். பேசும்போது திருத்தாதீர்கள், எழுதும்போது திருத்துங்கள்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிப்பது நடைமுறையில் தாங்குகிறது: ஒலி அட்டை (எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லவைக்கும் அட்டை) ஐந்து நிமிடம், பழைய சொற்கள் ஏழு, பாடநூல் உரையாடல் பன்னிரண்டு, இருவர் இருவராகப் பேசுவதும் நான்குகோட்டு நோட்டில் எழுதுவதும் பன்னிரண்டு, மிச்சம் தாமதத்துக்கு. பாட்டு வேண்டுமானால் பழைய சொற்களோடு சேருங்கள். நாற்பது பேர் கூடிக் கத்தும் விளையாட்டைத் தவிருங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் மனம் வருந்துவார். தொண்டை போகாமலிருக்க இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி ஒன்று அங்கே பல ஆசிரியர்களிடம் இருக்கும், குட்டித் தேனீ என்று பெயர். நூறு யுவானுக்குள் கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

முதல் வாரத்தில் இன்னொரு வேலை. கரும்பலகையில் ஓர் அங்குல உயரமுள்ள சில எழுத்துகளை எழுதி, கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லுங்கள். கண் சுருக்குபவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கான்சு, ஷான்சி கிராமப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி கொடுத்து ஆய்ந்து பார்த்ததில் கணித மதிப்பெண் உயர்ந்தது. ஸ்டான்ஃபோர்டின் ஸ்காட் ரோசெல் உள்ளிட்ட குழுவின் அந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மந்தமான பிள்ளை என்று பெயரெடுத்த குழந்தைக்குப் பலகை தெரியாமலே இருந்திருக்கலாம். கண்ணாடியை நீங்களே வாங்கிக் கொடுக்காமல் பான்ஜூரென் எனப்படும் வகுப்பாசிரியரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். கண்ணாடி போட்டால் பார்வை கெடும் என்று நம்பும் தாத்தா பாட்டியிடம் பேச அவரால்தான் முடியும்.

தாத்தா பாட்டி என்றேன். வகுப்பில் பல குழந்தைகளின் அப்பா அம்மா குவாங்தோங்கிலோ செஜியாங்கிலோ ஆலை வேலையில் இருப்பார்கள், புத்தாண்டுக்கு மட்டும் வருவார்கள். பெற்றோர் இருவரையும் பிரிந்து, அல்லது பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரோடு வாழும் பதினாறு வயதுக்குட்பட்ட கிராமக் குழந்தைகள் 2016 கணக்கில் 90 லட்சத்து 20 ஆயிரம் பேர், 2018இல் 69 லட்சத்து 70 ஆயிரம் பேர். இவர்களை ஏற்கெனவே ஒருவர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் ஒட்டிப் பழகிச் சொல்லாமல் போனால் இரண்டாவது ஆள் ஆவீர்கள். அதனால் முதல் வகுப்பிலேயே நாட்காட்டியில் நீங்கள் கிளம்பும் நாளை வட்டமிட்டுக் காட்டுங்கள். திரும்பி வருவேன் என்று வாக்களிக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு கொடுப்பது, தனியே அறைக்கு அழைத்துப் பாடம் சொல்வது, வீச்சாட் செயலியில் தனியே பேசுவது எதுவும் வேண்டாம். படம் எடுத்து இணையத்தில் போடுவதும் கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் விவரத்துக்குப் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும் என்று 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமே சொல்கிறது. சமயப் பிரசாரமும் அரசியல் பேச்சும் அறவே கூடாது. அதன் விளைவைச் சுமப்பது உங்களை அழைத்த தலைமையாசிரியர்.

அன்றாட வாழ்க்கை பற்றிச் சுருக்கமாக. கான்சுவில் குளிர்காலம் உறையும் நிலைக்குப் பல பாகை கீழே போகும். யுன்னான் மலைகளில் அவ்வளவு இல்லை, ஆனால் அறையில் கணப்பும் இருக்காது. அடுக்கடுக்காகப் போடும் உள்ளாடை, விரல் தெரியும் கையுறை அவசியம். கழிப்பறை தனிக் கட்டடம், இரவில் டார்ச் வேண்டும். கொதிக்கவைத்த நீரைப் பிளாஸ்கில் வைத்துக் குடியுங்கள். மதியம் பள்ளியே தூங்கும், அப்போது சத்தம் கூடாது. கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் அங்கே திறக்காது, தேவையான ஒலிப்பதிவுகளையும் படங்களையும் புறப்படும் முன்பே இறக்கிவையுங்கள். எச்எஸ்கே எனப்படும் சீன மொழித் தேர்வில் மூன்றாம் நிலையாவது முடித்துவிட்டுப் போங்கள். மொழி தெரியாதவரைப் பார்த்துக்கொள்வது பள்ளிக்கு இன்னொரு வேலை.

பதினைந்து நாள் கோடை முகாம்தான் கிடைத்தது என்றால், ஒரே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: குற்றுயிர் ஐந்தும், முன்பு சொன்ன ஆறு எழுத்தில் உள்ள நான்கு மெய்யும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பத்து நாள் செய்தால் மூன்றெழுத்துச் சொல்லை வாசிக்கும் நிலைக்குப் பெரும்பாலான குழந்தைகள் வந்துவிடுவார்கள். நாடகம், ஓவியம், நடனம் என்று பத்தைத் தொட்டால் ஒன்றும் நிற்காது. நேரில் போகவே வழியில்லாமல் இணையத்தில் கற்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் வெளிநாட்டவரைப் பயிற்சி நிறுவனங்கள் அமர்த்துவதை 2021 ஜூலை உத்தரவு தடுத்துவிட்டது. பள்ளி மூலமான சந்திப்புக்கும் கல்வி அலுவலகத்தின் சம்மதம் கேட்பார்கள்.

பருவம் முழுவதும் உள்ளூர் ஆசிரியர் உங்கள் வகுப்பில் உட்கார வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்ததும் அவரை வேறு வகுப்புக்கு அனுப்பிவிடுவது தலைமையாசிரியருக்கு வசதி, அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் மாதம் ஒலி அட்டையை நீங்கள் நடத்துங்கள், இரண்டாம் மாதம் பாதிப் பாதி, மூன்றாம் மாதத்திலிருந்து அவர் நடத்த நீங்கள் பின்னால் உட்காருங்கள். தன் உச்சரிப்பு மோசம் என்று அவர் கூச்சப்படுவார். குழந்தைகள் முன்னால் அவரைத் திருத்தவே கூடாது. மாலையில் இருவருமாக உட்கார்ந்து, அடுத்த வாரத்துக்கான சொற்களை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள், அவருக்கே திருப்தி வரும்வரை. கடைசி வாரத்தில் அந்தப் பதிவுகளையும் ஒலி அட்டைகளையும் வகுப்பறைத் தொடுதிரையின் முகப்பிலேயே ஒரு கோப்புறையில் வையுங்கள். கோப்புகளுக்குப் பாட எண்ணோடு சீனத்தில் பெயர் வையுங்கள், ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்பை அடுத்த பருவத்தில் வரும் ஆசிரியர் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.